அடர் துணிதான் கிடைப்பதில்லை

பழைய துணித் துண்டுகளைச் சேர்த்து நான் தைக்கும் போர்வையின் மேல்பக்கம் பாதியைத் தாண்டிவிட்டது. குறுக்கே 6, நெடுக்கே 8 என்று மொத்தம் 48 கட்டங்கள், ஒவ்வொன்றும் 10 அங்குலச் சதுரம். எல்லாம் சேர்ந்தால் 60க்கு 80 அங்குலம் வரும், ஒற்றைக் கட்டிலை மூடி இரண்டு பக்கமும் கொஞ்சம் தொங்கும். கட்டங்களைத் தைப்பது இப்போது கையோட்டமாகப் போகிறது, அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துணி பொறுக்குவதுதான் வேலையே. விசாரிப்பவர்கள் எல்லாரும் "என்ன கலர் போடுறீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். நான் கலரைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டேன். வேறு எதைப் பார்க்கிறேன் என்பதை எழுதினால் இந்த வேலையைத் தொடங்க நினைக்கும் யாருக்காவது உதவும்.

நான் தைப்பது லொக் கெபின், அதாவது மரக்கட்டை வீடு, என்ற மாதிரி. 1860களில் அமெரிக்காவில் நன்றாகப் பரவிய மாதிரி அது. அதே பத்தாண்டில்தான், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் இலங்கை மலைநாட்டில் லூல்கந்துர என்ற தோட்டத்தில் தேயிலை போட்டார், நம்முடைய கதையும் இந்த மலையில் தேயிலையோடு பின்னிக்கொண்டது. நடுவில் 2 அங்குலச் சதுரம் ஒன்று, அதைச் சுற்றி ஓர் அங்குல அகலப் பட்டைகள், ஒன்றின் நுனியை மற்றது மூடிக்கொண்டு நான்கு சுற்று. கட்டத்தை மூலைக்கு மூலை பிரித்துப் பார்த்தால் ஒரு பாதி வெளிர், மறு பாதி அடர். இந்த வெளிர், அடர் வித்தியாசத்தில்தான் முழு மாதிரியும் நிற்கிறது. கட்டங்களை அடுக்கும் விதத்தை மாற்றினால் சரிவுக் கோடாகவும் வரும், வைர வடிவமாகவும் வரும். நான் சரிவுக் கோடுதான் எடுத்திருக்கிறேன்.

இந்த மாதிரியைத் தேர்ந்தெடுத்த காரணம் ரொம்ப நடைமுறையானது. நம் வீடுகளில் மிஞ்சுவது பெரிய துணி இல்லை. ஒன்றரை அங்குல அகலத்தில் கிழியாத பகுதி கிடைத்தால் இதற்குப் போதும், ஏனென்றால் தையலுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் போக மிஞ்சுவது ஓர் அங்குலம்தான். ஒரு கட்டத்துக்கு நடுச்சதுரத்தோடு 17 துண்டு, 48 கட்டத்துக்கு 816 துண்டு. பட்டையின் நீளத்தை மட்டும் கூட்டினால் கட்டத்துக்கு 104 அங்குலம், முழுப் போர்வைக்கும் கிட்டத்தட்ட 139 யார் (கெஜம்) வரும். கேட்கும்போது மலைப்பாக இருக்கும். ஆனால் 6 யார் சேலை ஒன்றை ஒன்றரை அங்குலமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டே போனால் 144 பட்டை கிடைக்கும், 45 அங்குல அகலம் என்று வைத்தால் அதுவே 180 யார். ஒரே ஒரு நல்ல சேலையில் முழுப் போர்வையும் முடிந்துவிடும், அளவு என்று பார்த்தால். அளவு பிரச்சினையே இல்லை. பிரச்சினை அடர் துணி.

வெளிர்ப் பட்டையை முதலில் வைத்துத் தொடங்கினால், வெளிர்ப் பக்கத்துக்குத் தைத்து முடிந்த கணக்கில் கட்டத்துக்கு 44 அங்குலம் போகும், அடர்ப் பக்கத்துக்கு 52. ஒவ்வொரு கட்டத்திலும் 8 அங்குலம் அடர் அதிகம். அடரை முதலில் வைத்தால் கணக்கு அப்படியே தலைகீழாகும், அடர் மிச்சமாகும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் இருட்டுப் பக்கம் கொஞ்சம் அகன்று நின்றால்தான் சரிவுக் கோடு அழுத்தமாக விழுகிறது என்பது என் கண்ணுக்குப் பட்டது, அதனால் மாற்றவில்லை.

இப்போது உங்கள் வீட்டுப் பழைய துணி மூட்டையை அவிழ்த்துக் கொட்டிப் பாருங்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் எல்லாம் இருக்கும். கைபேசியில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். முக்கால்வாசித் துணியும் ஒரே சாம்பல் நிறத்தில் தெரியும். வெயிலிலும் சவர்க்காரத்திலும் அடிபட்ட துணி எல்லாம் நடுவுக்கு வந்து சேர்ந்துவிடும். கடும் நீலமாக வாங்கியது நடு நீலமாகிவிடும், வெள்ளையாக வாங்கியது பழுத்துவிடும். வேலை செய்கிறவர்களின் துணியில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் அடித்துக்கொண்டு நிற்கும், ஆனால் இரண்டும் ஒரே அளவு இருட்டாக இருந்தால் தள்ளி நின்று பார்க்கும்போது கட்டத்தில் கோடே இருக்காது, கலங்கிப்போய்க் கிடக்கும். ஆகவே நான் துணியை நிறத்தால் பிரிப்பதில்லை. வெளிர், நடு, அடர் என்று மூன்று குவியல். நடுக்குவியல் எப்போதும் மலையாக இருக்கும், அடர்க்குவியல் கைப்பிடிதான். நடுவை நான் ஒதுக்கவும் இல்லை, ஏனென்றால் ரொம்ப வெளிறிய துணிக்குப் பக்கத்தில் போனால் நடு அடராகிவிடும், கறுப்புக்குப் பக்கத்தில் போனால் அதுவே வெளிராகிவிடும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் அதன் இடம் முடிவாகிறது.

அம்மாவின் வேலைச் சேலை ஒன்றை வெட்டிய கதையைச் சொல்லவேண்டும். அம்மா தோட்டத்தில் பேர் பதிந்து தேயிலைக் கொழுந்தெடுத்தது முப்பது வருடத்துக்கு மேல். மலைக்குக் கட்டிப்போன நீலப் பருத்திச் சேலை அது. கையில் எடுத்து மேசையில் முழு நீளத்துக்கும் விரித்தபோதுதான் பார்த்தேன், அது ஒரு சேலை இல்லை, மூன்று துணி. உள்சுற்றுப் பகுதி, இடுப்பில் முதலில் சொருகும் முனை, வெயிலே பட்டிருக்காது, இன்றைக்கும் கடும் நீலம். கொசுவம் வந்த பகுதி நடு நீலம், மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் நூல் நூலாக வெளிறிய கோடுகள். முந்தானைப் பக்கம் வெளிறி வானத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. அடர், நடு, வெளிர் என்று நான் தேடிக்கொண்டிருந்த மூன்றும் ஒரே துணியில், விற்ற கடைக்காரருக்குத் தெரியாமல், சாயம் போட்டவனுக்குத் தெரியாமல், அம்மா உடுத்தி உடுத்தி உண்டானது. அது மட்டும் இல்லை. கொழுந்தெடுக்கும்போது சேலைக்கு மேல் சுற்றும் முரட்டுத் துணியான படங்கு கட்டும் இடத்தில், இடுப்பைச் சுற்றி, நிறம் அப்படியே இருக்கிறது, ஆனால் துணி தேய்ந்து மெலிந்துவிட்டது. முதுகில் கூடை உரசிய இடத்தை வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை. அந்த இடங்களை வெட்டி ஒதுக்கினேன்.

அம்மாவுக்கு முதலில் மனம் இல்லை.

"ஏம்மா, இது மலைக்குக் கட்டுன சீலை. நல்ல சீலை பெட்டியில கெடக்கே, அத வெட்டிக்க."

"நல்லது வேணாம்மா. இதுதான் வேணும்."

"கறைய என்ன பண்ணுவ?"

கொழுந்துக் கறையைச் சொல்கிறார். அது சவர்க்காரத்துக்கு அசையாது. நான் ஒன்றும் பண்ணப் போவதில்லை என்றேன். அம்மா அதற்கு மேல் பேசவில்லை, ஆனால் அன்றைக்கு மாலையே தன் பழைய தலைத்துண்டையும் கொண்டுவந்து குவியலில் போட்டார்.

பெட்டியில் இருக்கும் நல்ல சேலையை ஏன் தொடவில்லை என்பதற்கு உணர்ச்சியான காரணமும் உண்டு, தொழில் காரணமும் உண்டு. தொழில் காரணத்தைச் சொல்கிறேன். பட்டு, நைலெக்ஸ், பொலியெஸ்டர், சரிகை இதெல்லாம் பருத்தியோடு ஒரே கட்டத்தில் நிற்காது. பருத்தி தண்ணீரில் சுருங்கும், பொலியெஸ்டர் சுருங்காது, இரண்டையும் சேர்த்துத் தைத்தால் முதல் கழுவலிலேயே ஒன்று இழுக்கும், ஒன்று பொம்மும். பருத்திக்கு வேண்டிய சூட்டில் இஸ்திரி போட்டால் நைலெக்ஸ் உருகும். அதைவிட முக்கியம் பலம். கனத்த புதுத்துணியை மெலிந்த பழைய துணிக்குப் பக்கத்தில் தைத்தால் கிழிவது எப்போதும் பழையதுதான், அதுவும் தையல் ஓரத்திலேயே கிழியும். ஆகவே ஏறக்குறைய ஒரே அளவு உழைத்த துணிகளைப் பக்கம் பக்கமாக வைக்கிறேன். ஒரு பட்டையை இரண்டு கைக் கட்டைவிரலுக்கும் நடுவில் பிடித்து நெடுக்கேயும் குறுக்கேயும் சுண்டிப் பார்ப்பேன். நூல் அறும் சத்தம் வந்தால் வேண்டாம்.

எது பருத்தி, எது கலப்பு என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் இரண்டு நூலை உருவி நெருப்புக் குச்சியில் காட்டினால் போதும். பருத்தி கடதாசி எரியும் வாடையில் எரிந்து தொட்டால் உதிரும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடைசியில் கறுப்பாக ஒரு கடினமான மணி மிஞ்சும். கலப்புத் துணியில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். ஹட்டன் கடைகளில் கட் பீஸ் மூட்டையில் 'கொட்டன்' என்று சொல்லிக் கொடுப்பதில் பாதி கலப்புதான், கையால் தடவி மட்டும் வாங்காதீர்கள்.

தீபாவளித் துணிகள் தனி வகை. தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் கிடைத்ததும் வீட்டுக்கு வீடு துணிக்கடைக்குப் போவதும், ஒரே சுருள் துணியில் அண்ணனுக்குச் சட்டை, எனக்கும் தங்கைக்கும் கவுன் என்று தைப்பதும் மலைநாட்டில் வளர்ந்த எல்லாருக்கும் தெரிந்ததுதான். பக்கத்து லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பிள்ளைகளும் அதே கடையில் அதே துணியை வாங்கியிருப்பார்கள். அம்மா இந்தத் துண்டுகளை எல்லாம் தலையணை உறைக்குள் போட்டு வைத்திருந்தார். பெரும்பாலும் சீத்தைத் துணி, சின்னச் சின்னப் பூ. இந்தச் சின்னப் பூத் துணிகளில் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். முழுத் துணியாகப் பார்க்கும்போது தெரியும் நிறம் வேறு, ஓர் அங்குலப் பட்டையாக வெட்டிய பிறகு தெரியும் நிறம் வேறு. வெள்ளைத் தரையில் பெரிய சிவப்புப் பூ என்றால் ஒரு பட்டை முழுச் சிவப்பாக வரும், அடுத்தது முழு வெள்ளையாக வரும். அதனால் ஒரு கடதாசி அட்டையில் ஒன்றரை அங்குல ஜன்னல் வெட்டி வைத்திருக்கிறேன், அதைத் துணியின் மேல் நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவேன். ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட சாரத்துக்கு (லுங்கிக்கு) வேறு கவனம். மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்று, நல்ல கனம், கடும் பச்சையும் கறுப்பும், எனக்குக் கிடைத்த அடர் துணிகளில் அதுதான் முதல்தரம். கட்டம் போட்ட துணியை நூல் ஓட்டம் பிசகாமல் வெட்டவேண்டும், ஒரு கோடு சாய்ந்தாலும் குறுகிய பட்டையில் உடனே கண்ணில் குத்தும். அளவுகோல் வைத்துக் கோடு போடுவதைவிட ஒரு நூலை உருவிவிட்டு அந்தத் தடத்திலேயே வெட்டுவது நிச்சயம்.

எல்லாக் கட்டத்துக்கும் நடுச்சதுரம் மட்டும் ஒரே சிவப்பு. இந்த மாதிரியில் நடுவில் சிவப்பு வைப்பது பழைய வழக்கம், வீட்டின் அடுப்புக்கு அது அடையாளம் என்பார்கள். என் சிவப்பு இந்தியாவில், நீலகிரியில் இருக்கும் கோத்தகிரியிலிருந்து வந்தது. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கமும் பேசி முடித்தார்கள், எங்கள் குடும்பம் அந்தக் கணக்கில் இரண்டாகப் பிரிந்தது. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 1970களில் ஹட்டனில் கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவர். அழுகைச் சத்தத்துக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வாங்கிய கோச்சி அது. பெரியம்மாவின் மகள், என் அக்கா முறை, அனுப்பிய மதுரைச் சுங்குடிச் சேலை இது. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த புள்ளிகளோடு நல்ல இரத்தச் சிவப்பு.

சுங்குடி என்றதும் எனக்குச் சாயப் பயம் வந்தது. ஈரத் துணியை வெள்ளைத் துணிக்குக் கீழே வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினேன், வெள்ளை இளஞ்சிவப்பாகிவிட்டது. இந்த இடத்தில் எல்லாரும் சொல்லும் வைத்தியம் உப்பும் வினாகிரியும். அது கடையில் சாயம் போட்டு வரும் பருத்திக்கு வேலை செய்யாது. துணியில் ஒட்டாமல் மேலே நிற்கும் உபரிச் சாயம்தான் போய்க்கொண்டிருக்கிறது, அதைக் கழுவி வெளியேற்றுவது ஒன்றுதான் வழி. வெந்நீரில் திரும்பத் திரும்ப அலசி, தண்ணீர் தெளியும் வரைக்கும் விட்டுவிட்டு, அப்புறம் மறுபடியும் வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, கறை வராததும்தான் வெட்டினேன். இரண்டரை அங்குலச் சதுரம் 48 வேண்டும், 45 அங்குல அகலத்தில் ஒரு வரிக்கு 18 வரும், மூன்று வரி வெட்டினால் 54. சேலையில் ஏழரை அங்குலம்தான் போயிற்று. உள்முனையில் எடுத்ததால் மீதிச் சேலையை இன்னும் கட்டுகிறேன், தைப்பொங்கலுக்கும் அதைத்தான் கட்டினேன்.

வேலைத் துணியில் போர்வை தைப்பது பற்றிப் பேசினால் ஜீஸ் பெண்ட் பெண்களைச் சொல்லாமல் போகமுடியாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு வளைந்து சுற்றிக்கொண்டு போகும் இடத்தில் இருக்கும் ஊர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்களின் சந்ததியினர் அங்கேயே தங்கி வாழ்கிறார்கள். குளிருக்கு வேண்டி அந்தப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்ட டெனிம் காற்சட்டை, சட்டை, மாச்சாக்கு எல்லாவற்றையும் வெட்டித் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் ஏறின, பிறகு நியூயோர்க் போயின, 2006இல் அமெரிக்கத் தபால் முத்திரையிலும் வந்தன. மிசூரி பெட்வே என்பவர் கணவர் இறந்த பிறகு, 1942இல், அவருடைய வேலை உடுப்புகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அந்த ஊர்ப் போர்வைகளின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிறிய டெனிமில் பை இருந்த இடம் மட்டும் கடும் நீலமாக நிற்கும், முழங்கால் மடிந்த இடம் வெள்ளையாக இருக்கும். அவர்கள் அதை மறைக்கவில்லை. அந்த வெளிறலையே வெளிர், அடர் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவின் சேலையில் நான் பார்த்ததை அவர்கள் எனக்கு முன்னால் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். பருத்தித் தோட்டமோ தேயிலைத் தோட்டமோ, மூட்டையில் கிடக்கும் துணி எவ்வளவு உழைத்தது என்பதைத் துணியே வைத்திருக்கிறது.

எங்கள் பாட்டியும் கோதுமை மாப் பையின் துணியை வெட்டி உள்பாவாடையும் தலையணை உறையும் தைத்தவர்தான். அதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

வெளிர்ப் பக்கத்துக்கு எளிதாகக் கிடைப்பது பள்ளிச் சீருடை வெள்ளை. எல்லா வீட்டிலும் இருக்கிறது, அதுதான் அதில் ஆபத்து. வெள்ளை மற்ற எல்லாத் துணியையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். கட்டத்துக்கு ஒரு பட்டைக்கு மேல் நான் வைப்பதில்லை. தேயிலைத் தூளைக் கொதிக்கவைத்து அதில் தோய்த்தால் வெள்ளை பதமாகப் பழுக்கும் என்று சொல்வார்கள், அது உண்மைதான், அழகாகவும் இருக்கும், தூளுக்கும் எங்களுக்குப் பஞ்சம் இல்லை. அதோடு துருப்பிடித்த ஆணி இரண்டைப் போட்டால் சாம்பலும் கறுப்புமாகக்கூட மாறும், தேயிலையில் இருக்கும் டனின் இரும்போடு சேர்ந்து கறுக்கும். அடர் துணி தேடி அலையும் எனக்கு அது பெரிய ஆசைதான். ஆனாலும் செய்யவில்லை. 19ஆம் நூற்றாண்டுப் போர்வைகளில் முதலில் பொடிந்து உதிர்வது கபிலமும் கறுப்புமான துண்டுகள், இரும்பு சேர்த்த சாயம் நூலையே அரித்துவிடுகிறது. அருங்காட்சியகங்களில் பழந்துணி பாதுகாப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். இரும்பு இல்லாத வெறும் தேயிலைச் சாயத்தையும் அவர்கள் விரும்புவதில்லை, அதன் புளிப்பு காலப்போக்கில் பருத்தியைப் பலவீனமாக்கும். பழைய துணியை வைத்து வேலை செய்யும்போது அதன் ஆயுளை நான் குறைக்கக்கூடாது. அம்மாவின் சேலையில் ஏற்கெனவே இருக்கும் கறை இருந்துவிட்டுப் போகட்டும்.

தையல் பற்றி இரண்டு வார்த்தை. கட்டுநாயக்கவில் கார்மென்ட்ஸில் வேலை செய்த காலத்தில் எனக்குப் படிந்த பழக்கம் நேர்த் தையலும் ஒரே அளவு விளிம்பும். இந்த வேலைக்கு அது ஒன்றே முதல். ஒவ்வொரு தையலும் அரை நூல் (ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒன்று) உள்ளே தள்ளிப் போனால்கூட இரண்டு பக்கத்துத் துணியிலும் சேர்ந்து ஒரு நூல் குறையும், கட்டத்துக்குக் குறுக்கே 8 தையல் இருக்கிறது, ஆக ஓர் அங்குலமே காணாமல் போகும். கால் மெஷினின் தட்டில் ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலம் தள்ளி ஒரு தடித்த ஒட்டுப் பட்டி ஒட்டி வைத்திருக்கிறேன், துணி ஓரம் அதை உரசிக்கொண்டே போகும். ஒவ்வொரு பட்டையும் தைத்ததும் மடிப்பை நடுவிலிருந்து வெளிப்பக்கம் தள்ளி இஸ்திரி போடவேண்டும், தேய்க்கக்கூடாது, தூக்கித் தூக்கி அழுத்தவேண்டும், தேய்த்தால் பட்டை வளைந்துவிடும். மெஷின் பழைய சிங்கர், காலால் மிதிப்பது. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டியபோது எங்கள் பக்கத்தில் ஓடிய மெஷின்கள் இவைதான். கரி இஸ்திரிப் பெட்டியும் அப்போதுதான் பரணிலிருந்து இறங்கியது.

உள்ளே என்ன வைப்பது என்பதற்கு ஊரைப் பார்த்துத்தான் பதில் சொல்லமுடியும். 1868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் தை மாதக் காலையில் புல்லில் பனி உறைகிறது. எங்கள் பக்கம் அதைவிடத் தாழ்வு, ஆனாலும் தகரக் கூரைக்குக் கீழே குளிர் குளிர்தான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கம்பளி கொடுத்துவிட்டு விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். மழைக்குத் தலையில் மடித்துப் போடும் கொங்காணி, இரவுக்குப் போர்வை, இரண்டுக்கும் அந்த ஒரே கம்பளி. கனமாக வேண்டும் என்றுதான் முதலில் யாருக்கும் தோன்றும். ஆனால் வைகாசியில் தொடங்கும் தென்மேல் பருவமழையில் இங்கே ஒரு சட்டையைக் காயவைக்கவே அடுப்புக்கு மேலே கயிறு கட்டவேண்டியிருக்கிறது. கனத்த பஞ்சுப் போர்வை ஒருமுறை நனைந்தால் காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். இலவம் பஞ்சு தலையணைக்கு நல்லது, போர்வைக்குள் வைத்தால் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், கழுவவும் முடியாது. நான் வைக்கப்போவது மெல்லிய ஃப்ளீஸ் போர்வை, நுவரெலியா பேல் பஜாரில் வாங்கினது. அது தண்ணீரை உறிஞ்சாது, பிழிந்து போட்டால் சீக்கிரம் காயும், உள்ளே நகராது. ஆனால் இழுத்தால் நீளும், அதனால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நெருக்கமாக ஊசி குத்தவேண்டும். மேல்பக்கம் மட்டும்தான் பருத்தியாக இருக்கவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம், உள்ளே காய்வதுதான் முக்கியம்.

ஊசி குத்தி மூன்று அடுக்கையும் சேர்க்கும் வேலைக்கு இடம் வேண்டும். இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) பாயை விரித்துத்தான் செய்யவேண்டும், அதற்கு மாசி வெயில் வரவேண்டும்.

அதற்குள் மிச்சக் கட்டங்களை முடிக்கவேண்டும், அதற்கு அடர் துணி வேண்டும். போன வாரம் பக்கத்து லயத்து அண்ணன், சபரிமலைக்கு மாலை போட்டபோது கட்டிய கறுப்பு வேட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல பருத்தி, ஒரு மண்டலம் மட்டும் கட்டியது, நிறம் போகவே இல்லை. சாமி துணி காலில் படலாமா என்று அண்ணியும் அம்மாவும் பேசினார்கள், நியாயமான கேள்வி. காலில் படக்கூடாது என்று மூன்று பேருமே முடிவெடுத்தோம், ஆகவே அந்தக் கறுப்பு தலைமாட்டுப் பக்கத்து நான்கு வரிசைக்குள் மட்டும்தான் வரும். 2 யார் வேட்டியில் ஒன்றரை அங்குலப் பட்டை 48 கிடைக்கும். ஒரு கட்டத்தின் அடர்ப் பக்கத்துக்கு வெட்டும் கணக்கில் 56 அங்குலம் என்பதால் அளவில் தாராளம். ஆனாலும் கட்டத்துக்கு இரண்டு பட்டைக்கு மேல் வைக்கப்போவதில்லை, அதற்கு மேல் போனால் பச்சைச் சாரமும் அம்மாவின் நீலமும் அதற்குப் பக்கத்தில் வெளிராகிவிடும். கால்மாட்டுக்கு இன்னும் தேடவேண்டும். கடும் ஊதா, கடும் கபிலம், கத்தரிப்பூ நிறத்தில் பழைய பாவாடை, ஆண்களின் கட்டம் போட்ட சாரம், எதுவானாலும் பருத்தியாக இருந்து சுண்டினால் சத்தம் வராமல் இருந்தால் போதும், ஒன்றரை அங்குலம் இருந்தால்கூட எனக்கு வேலைக்காகும். கறுப்பு வேட்டி இப்போது வாளியில் ஊறுகிறது, மூன்றாம் தண்ணீரும் இன்னும் தெளியவில்லை.